ஐந்து மணிக்கு நீலமாகும் தோல்

அடக்கமாகப் பேசத் தெரியாத ஆள் என்று என்னைப் பற்றி உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்பு, அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. ஆனால் சேலம் நாமக்கல் சாலையில் அடிபட்டு, தோல் உரிந்து, எலும்பு தெரிய நம் மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு இருபத்தாறு வருடம் கட்டுப் போட்டவன். பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி எழுத்துகளைக் கோத்துக்கொண்டு வந்த டாக்டர்கள்கூட, கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் துரையண்ணா எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுப்பார்கள்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். என் இடத்துக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். டிப்ளமோ படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், நல்லது. கட்டு எப்படிப் போடுவது என்று இங்கே எழுதப்போவதில்லை. அது உங்கள் புத்தகத்திலேயே படத்தோடு இருக்கிறது. படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அதில் என் பெருமையும் இருக்கிறது, என் தப்பும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

நம் வார்டுக்கு அதிகம் வருவது தோல் உரிந்த காயம். லாரிச் சக்கரம் ஏறினால் எலும்பு நொறுங்கும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பல நேரம் எலும்பு தப்பித்துவிடும், தோல்தான் காலுறையைக் கழற்றியதுபோல உரிந்து வந்துவிடும். வெறுமையாகத் தெரியும் எலும்பின் மேல் தோலைச் சீவி ஒட்டினால் பிடிக்காது. தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ கொழுப்பும் தோலுமாக ஒரு துண்டை எடுப்பார்கள். அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் ஒன்று, ரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகும் குழாய் ஒன்று, இரண்டையும் துண்டோடு சேர்த்தே எடுத்து, காயத்தின் மேல் வைத்து, அங்கே இருக்கும் குழாய்களோடு தைப்பார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய நூலால். இதைத்தான் ஃபிளாப் என்கிறோம்.

இந்தப் பெயரே நம் ஊருக்குச் சரிப்படாது. ஒருமுறை சின்ன டாக்டர் ஒருவர் வெளியே வந்து, நல்லபடியாக ஃபிளாப் பண்ணிவிட்டோம் என்று சொன்னார். பையனின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "காலையில புடிச்சு உள்ளார வெச்சிருந்துபோட்டு, இப்ப வந்து ஃபிளாப்புங்கறாங்களே" என்று ஒரே அழுகை. படம் ஓடவில்லை என்றால் சொல்கிற வார்த்தை அல்லவா அது. அன்றிலிருந்து நான் உயிர்த்தோல் என்றுதான் சொல்வேன். அந்தப் பெயரை வைத்தது நான். எங்கள் பிளாஸ்டிக் சர்ஜன் டாக்டரம்மாவும் இப்போது நோயாளிகளிடம் அப்படித்தான் சொல்கிறார். யாரிடமிருந்து எடுத்தது என்று மட்டும் சொல்வதில்லை.

உயிர்த்தோலைத் தைப்பது டாக்டர் வேலை. அது உயிரோடு இருக்கிறதா என்று மணிக்கு மணி பார்ப்பது நம் வேலை. முதல் ஐந்து நாள் கண்டம். அந்த ஐந்து நாளில் எல்லாவற்றையும் நிறம்தான் சொல்லும். நிறம் பார்க்க நான் எங்கே படித்தேன் என்று நினைக்கிறீர்கள்? கோழிப் பண்ணையில். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பத்து வருடம் நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் தீவனம் போட்டேன். காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது கொண்டையைத்தான். வெளுத்த கொண்டைக்கு ஒரு காரணம், நீலம் பாய்ந்த கொண்டைக்கு வேறு காரணம். வரிசை வரிசையாகக் கூண்டில் நிற்கும் கோழிகளில் நீலம் தட்டிய ஒன்றை வாசலில் நின்றே காட்டிவிடுவேன். மருத்துவமனையில் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததும் அதேதான். உயிர்த்தோல் வெளுத்தால் ரத்தம் வந்து சேரவில்லை. நீலம் பாய்ந்தால் வந்த ரத்தத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் தலையாட்டிவிட்டேன். எதற்கு அதற்குள் தலையாட்டுகிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்தது.

மோகன் என்று ஒருவர். முப்பது வயது தாண்டியிருக்கும். மாமனார் வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. மாமனாருடைய கோழிப் பண்ணைக்குத் தீவனம் ஏற்றிவரும் லாரியை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஆலையில் மூட்டை ஏற்றும்போது லாரி பின்னால் உருண்டு இடது காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழேயிருந்து கணுக்கால் வரை தோல் போய்விட்டது. முன்னெலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

டாக்டரம்மா தொடையிலிருந்து எடுத்து வைத்தார். காலையில் உள்ளே போனவர் பொழுது சாயும்போதுதான் வெளியே வந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "துரையண்ணா, ரத்தம் திரும்புற குழாய் உருப்படியா ஒண்ணுதான் கிடைச்சது. அதுவும் ரொம்ப மெல்லிசு. அது அடைச்சா எங்கிட்ட வேற வழியில்லை. முழங்காலுக்குக் கீழ எடுக்கத்தான் வேணும்."

அந்த ஒரு குழாய் அடைபடாமல் ஐந்து நாள் தாண்ட வேண்டும்.

அதற்கு முதல் விதி, கால் மேலே இருக்க வேண்டும். மூன்று தலையணையை அடுக்கி, குதிகால் நெஞ்சைவிட உயரத்தில் நிற்கும்படி வைத்தேன். கால் கீழே தொங்கினால் ரத்தம் கீழேயே தேங்கும். மெல்லிய குழாயால் அதை மேலே தள்ள முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

மறுநாள் காலை தோல் அருமையாக இருந்தது. விரலால் அழுத்திவிட்டால் வெளுத்து, ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் ரோஸ் நிறம் திரும்பியது. தொட்டால் இளம்சூடு. என் கட்டைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

சாயந்திரம் ஐந்து மணிக்கு மோகனின் மாமனார் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. வாசலில் அவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பத்து வருடம் தீவனம் போட்ட பண்ணையின் முதலாளி அவர். அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"தொரை, நீ இங்கயா இருக்கற?"

"ஆமாங்க மொதலாளி. இருவத்தஞ்சு வருசமாச்சுங்க."

"பரவால்லியே. கோழிக்கு மருந்து போட்டுட்டு இருந்தவன் மனுசனுக்குப் போடற அளவுக்கு வந்துட்ட."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் என் உடம்பு குறுகியது. நான் வளர்ந்த விதம் அப்படி. அவர் முன்னால் நான் உட்கார்ந்ததே கிடையாது.

அவர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். தலையணை மேல் இருந்த மோகனின் பாதம் அவர் நெஞ்சுக்கு நேராக நீண்டிருந்தது. மோகன் அதைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், இரண்டு முழங்கையையும் ஊன்றி எழுந்திருக்கத் தவித்தார். எங்கள் பக்கத்தில் மாமனார் முன்னால் மருமகன் காலை நீட்டிப் படுக்க மாட்டான். அதுவும் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு அவர் பண்ணையில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. உடம்பெல்லாம் வலி, அதைவிட அந்தக் கூச்சம்தான் அவர் முகத்தில் பெரிதாகத் தெரிந்தது.

என்னைக் கேட்காமலே என் கை போனது. தலையணைகளை உருவினேன். காலைப் பதமாகப் பிடித்து, கட்டிலோரமாக இறக்கி, கீழே முக்காலியில் வைத்தேன். ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எவ்வளவு பதமாக இறக்குகிறேன் என்று என் பழைய முதலாளி பார்க்கட்டும் என்றும் நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெயிலைப் பற்றியும் மக்காச்சோளத்தைப் பற்றியும் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.

போன பிறகு காலை மேலே வைத்துப் பார்த்தேன். தோலின் ஓரத்தில் லேசாக ஒரு மங்கல். சாயந்திர வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாழப்பாடியிலிருந்து வந்திருந்த கவிதா சிஸ்டர் போனில் படம் எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை பதிலாக வந்தது. படத்தில் தோல் ரோஜாப்பூ மாதிரி இருந்தது. கவிதாவின் போன் எதை எடுத்தாலும் வெளுப்பாக்கிக் காட்டும் போன் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. வார்டில் எல்லோரும் அந்தப் போனில்தான் செல்ஃபி எடுத்துக்கொள்வோம். நானும்தான்.

இரண்டாம் நாள் சாயந்திரம் நான் வேறொரு கேஸுக்கு ஆபரேஷன் தியேட்டரில் இருந்தேன். ஆறு மணிக்கு வந்து பார்த்தால் தோலின் பாதி நீலம் தட்டியிருந்தது. டாக்டரம்மாவே ஓடி வந்தார். என் கட்டைக் கத்தரித்துத் தளர்த்தினார், இரண்டு தையலை எடுத்துவிட்டார். மறுநாள் காலை நிறம் திரும்பிவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. அவர் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கட்டை இறுக்கமாகப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டார்.

அத்தனை வருடத்தில் என் கட்டைக் குறை சொன்ன முதல் ஆள். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆத்திரத்தோடு நானே புதிதாகக் கட்டினேன். இரண்டு விரல் தாராளமாக நுழையும்படி, பஞ்சு போலக் கட்டினேன். இனி யார் என்ன சொல்லிவிட முடியும் என்று பார்ப்போம் என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் சாயந்திரம் ஐந்தரைக்கு வேறு வார்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த என் சட்டையைக் கவிதா வந்து பிடித்து இழுத்தாள். "அண்ணே, சீக்கிரம் வந்து பாருண்ணே. போன்ல நல்லாத்தான் தெரியுது. நேர்ல வேற மாதிரி இருக்குது."

போய்ப் பார்த்தேன். நாவல்பழ நிறம். அழுத்திவிட்டால் எண்ணுவதற்கு முன்பே நீலம் திரும்பி வந்து நின்றது. தோல் உப்பிப் பளபளவென்று இருந்தது. போனை எடுத்து டாக்டரம்மாவிடம், படத்தைப் பார்க்க வேண்டாம், நேரிலேயே வாருங்கள் என்றேன்.

அவர் வந்து ஊசிமுனையால் குத்தினார். நல்ல ரத்தம் சிவப்பாக வரும். வந்தது கறுப்பு மை மாதிரி. அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார், மயக்க டாக்டருக்குப் போன் போட்டார். அவர் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்ப்பது, அடைப்பை எடுக்க முடிந்தால் எடுப்பது, முடியாவிட்டால் காலை எடுப்பது. இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கச் சொன்னார். மோகனின் மனைவி சாப்பாட்டுத் தூக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். "முட்டிக்குக் கீழ போயிருமுங்களா?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. குழாய்க்குள் ரத்தம் கட்டினால் அது கட்டினதுதான். காலையில் கரைந்து சாயந்திரம் கட்டாது. இந்தத் தோல் காலையில் ரோஸாக இருக்கிறது, ஐந்து மணிக்கு மேல் நீலமாகிறது. கடிகாரம் பார்த்து நீலமாகும் தோலை நான் பார்த்ததில்லை. ஆனால் கடிகாரம் பார்த்து நீலமான கொண்டையைப் பார்த்திருக்கிறேன். பண்ணையில் ஒரு கோடையில் தினமும் மதியத்துக்கு மேல் ஒரு வரிசை முழுக்கக் கொண்டை நீலம் பாய்ந்தது. மருந்து மேல் மருந்தாகக் கொடுத்தார்கள். கடைசியில் பார்த்தால், வெயில் அடிக்கிறது என்று மதியம் யாரோ சாக்குப் படுதாவை இறக்கிவிட, அந்த வரிசைக்குக் காற்றே இல்லை. கோழியில் கோளாறு இல்லை, கொட்டகையில் இருந்தது.

அதனால் தோலை விட்டுவிட்டுக் கட்டிலைப் பார்த்தேன். தலையணை மூன்றும் இருந்தன. நான் அடுக்கும் விதத்தில் இல்லை. பெரியது மேலே, சின்னது கீழே. காலைத் தூக்கிப் பார்த்தேன். அன்று மதியம் நான் போட்ட புது வெள்ளைக் கட்டு. குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பாகத் தரைத் தூசி அப்பியிருந்தது.

குனிந்து மோகனிடம் மெதுவாகக் கேட்டேன். "சாமி, காலக் கீழ வெச்சீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாமனாரு வந்தா எப்படிங்க நீட்டிப் படுத்துட்டு இருக்கறது? அவரு போற வரைக்கும் இவளப் புடிக்கச் சொல்லிக் கீழ போட்டுக்குவனுங்க. மொத நாளு நீங்கதானுங்க எறக்கி வெச்சீங்க. ஒண்ணும் ஆவாதுன்னுதான நெனச்சனுங்க."

மூன்று சாயந்திரம். முதல் நாள் நான், அடுத்த இரண்டு நாளும் அவரே, மனைவியின் துணையோடு. என்னைப் பார்த்துப் படித்துக்கொண்டார்கள். இறுக்கமான கட்டு இல்லை, கெட்ட குழாய் இல்லை. மரியாதைதான் அந்தக் காலை நீலமாக்கிக்கொண்டிருந்தது, அதைத் தொடங்கி வைத்தவன் நான்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த நிமிடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். மோகன் வாயைத் திறக்க மாட்டார், அவர் மனைவியும் திறக்க மாட்டார். காலை மேலே தூக்கி வைத்துவிட்டு நான் பேசாமல் இருந்துவிடலாம். டாக்டர் திறந்து பார்த்தால், குழாய் நன்றாக இருந்தால், மூடிவிடுவார். என் பெயர் தப்பிக்கும். என் மனசு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது, போடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உப்பிக் கிடக்கும் தோலைத் திறந்து, ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றைக் குழாயைத் தொட்டால், தொட்டதாலேயே அது கெட்டுப்போகலாம். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டரம்மா தியேட்டர் வராந்தாவில் கை கழுவும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். குறுக்கே போய் நின்றேன்.

"டாக்டரம்மா, தப்பு என்ற மேலங்க. அந்தக் காலு தெனமும் அஞ்சு மணிக்குக் கீழ தொங்குதுங்க. மொத நாளு எறக்கி வெச்சதே நாந்தானுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். மாமனார், முதலாளி, தலையணை, தூசி. தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போன அவர் கை அப்படியே நின்றது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "முதல் நாளே எனக்கு ஏன் சொல்லலை?"

உடனே சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மயக்க டாக்டர் வர்ற வரைக்கும் டைம். காலைத் தூக்கி வைங்க. அதுக்குள்ள நிறம் மாறலைன்னா நான் உள்ள போறேன்."

ஓடினேன். மூன்று தலையணை போதாது என்று ஐந்து அடுக்கினேன். கட்டை முழுதாகத் திறந்துவிட்டேன். மேலே வெதுவெதுப்பான துணியைப் போர்த்தினேன். ஜன்னல் திரையை விலக்கச் சொன்னேன். டாக்டரம்மா வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து அழுத்திப் பார்த்தார். முதல் தடவை மாற்றமில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மோகன் தன் காலைப் பார்க்காமல் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை, தொடையின் பக்கம் இருந்த ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம் கலங்கின மாதிரி எனக்குத் தோன்றியது. ஆசைப்பட்டுப் பார்க்கிறேனோ என்று வாயைத் திறக்கவில்லை. அவரும் அந்த இடத்தையே பார்த்தார். நாலாவது தடவை இருவரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம்.

மயக்க டாக்டர் வந்து சேர்ந்தபோது தோல் வாடின ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. டாக்டரம்மா மறுபடி ஊசியால் குத்தினார். சிவப்பு. வந்தவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

ஆனால் இரண்டு நாள் கண்டம் இன்னும் பாக்கி இருந்தது. நாளைக்கும் ஐந்து மணி வரும். பார்வையாளர்களையே நிறுத்திவிடலாம் என்றார் டாக்டரம்மா. மோகன் கையெடுத்துக் கும்பிட்டார். மாமனாரை வாசலில் நிறுத்தி அனுப்பினால் அவருக்கு அவமானம், அப்புறம் அந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்றார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க எறக்கின கால், துரையண்ணா. நீங்களே பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் நாலே முக்காலுக்கே மாடிப்படி வளைவில் போய் நின்றுகொண்டேன். விபத்துக் கேஸில் ரத்தத்தைப் பார்த்து நடுங்காதவன் நான். அன்று சொல்லப்போவதை மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முதலாளி ஏறி வந்தார்.

"மொதலாளி, ஒரு நிமிசமுங்க."

"ஏன், மாப்ளைக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சா?"

ஆகப் பார்த்தது என்று சொல்லி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் முகம் இறுகியது. "அப்ப நான் வந்துதான் காலு கெட்டுதுங்கறயா?"

"நீங்க வந்ததுனால இல்லீங்க. உங்களப் பாத்ததும் நான் எறக்குனதுனாலங்க. இனி எறக்குனா காலே போயிருமுங்க."

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். "பத்து வருசம் எங்கிட்ட இருந்தயே தொரை. ஒரு நாளாச்சும் எனக்கு யோசனை சொல்லிருக்கறயா?"

"இல்லீங்க."

"இப்பச் சொல்ற."

"அப்பத் தீவனம் போட்டனுங்க. இப்பக் கட்டுப் போடறனுங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவர் சட்டென்று திரும்பினார். இறங்கிப் போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மோகன் அந்த வீட்டில் இனி எப்படித் தலை நிமிர்வார்? ஆனால் அவர் திரும்பியது செருப்பைச் சுவரோரமாகக் கழற்றிவிட. கழற்றிவிட்டு வார்டுக்குள் நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

அவரைப் பார்த்ததும் மோகனின் உடம்பு அசைந்தது. முழங்கை ஊன்றியது. மாமனார் விறுவிறுவென்று போய், காலைத் தொடாமல், தலையணையின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அசையாதீங்க மாப்ள. உங்க கண்ணாலத்தன்னிக்குத் தாம்பாளத்துல வெச்சு நாந்தானுங்க இந்தக் காலக் கழுவுனேன். அன்னிக்கு எம் மூஞ்சிக்கு நேராத்தான நீட்டுனீங்க? இன்னிக்கு மட்டும் என்னங்க வெக்கம்."

அவர் நாற்காலியை இழுத்து, தலைமாட்டில் போடாமல், கால்மாட்டிலேயே போட்டு உட்கார்ந்தார். மோகனின் பாதம் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மோகன் முன்கையைத் தூக்கித் தன் கண்களை மூடிக்கொண்டார். தோள் இரண்டு முறை குலுங்கியது. கால் மட்டும் அசையவில்லை. மாமனார் வழக்கம்போல வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

கவிதா போனை எடுத்தாள். அதைப் பைக்குள் போடு என்றேன். ஜன்னல் வெளிச்சத்தில் நானே குனிந்து பார்த்தேன். ஐந்தே கால், ஐந்தரை, ஆறு. தோல் ரோஸாகவே இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் அவர் அதே இடத்தில்தான் உட்கார்ந்தார். ஆறாம் நாள் டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் மட்டும் காலைத் தொங்கவிடச் சொன்னார். அப்புறம் பத்து, அப்புறம் கால் மணி. உயிர்த்தோல் ஓரம்கூடக் கறுக்காமல் முழுசாகப் பிடித்துக்கொண்டது. மோகன் இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், ஆனால் இரண்டு காலில் நடக்கிறார்.

நிறம் மாறினால் தோலை மட்டும் பார்க்காதீர்கள். யார் வந்தார்கள், யார் போனார்கள், யாருக்காக நோயாளி உடம்பை எப்படி வைத்துக்கொண்டார் என்று பாருங்கள். கணவன் வந்தால் சேலையை இழுத்து இறுக்கிச் செருகிக்கொள்ளும் பெண் இருப்பாள். பெரியவர் வந்தால் வலியோடு எழுந்து உட்காரும் பையன் இருப்பான். நம் ஆட்கள் வலியைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள், மரியாதைக் குறைவைத் தாங்க மாட்டார்கள். இதை எந்த டிப்ளமோவிலும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். படத்தை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். தப்பு உங்களுடையதாக இருந்தால் தியேட்டர் கதவு சாத்துவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். சாத்திய பிறகு சொல்லும் உண்மையால் நோயாளிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

நம் வார்டில் மணிக்கு மணி நிரப்புகிறீர்களே, அந்த நிறம் பார்க்கும் தாளில் கடைசியாக ஒரு வரி இருக்கும். பார்வையாளர் வந்தபோது கால் எங்கே இருந்தது என்று. மற்ற மருத்துவமனைத் தாள்களில் அப்படி ஒரு வரி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த வாரமே டாக்டரம்மா அதைச் சேர்த்தார். அச்சுக்குப் போகும்போது, அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயரைப் போட வேண்டும் என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்தால் அது நானே இல்லை.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "போடலாம் துரையண்ணா. கண்டுபிடிச்சவர்னு போடவா, எறக்கி வச்சவர்னு போடவா?"

ரெண்டையும் போடுங்க என்றேன்.